மீனும் கீழாநெல்லியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். போன மாதம் எங்கள் துறையில் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) வைரஸ்களின் பரிணாமம் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து வைரஸ் ஆய்வாளர் ஸ்டெஃபான் சைட்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் மீன்களில் ஒரு வைரஸ் குடும்பத்தைக் கண்டுபிடித்ததையும், அதுவும் நம்முடைய ஹெபடைடிஸ் பி-யும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதையும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. படித்தால் இதைத்தான் படிக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

வீட்டில் சொன்னேன். "மீனுக்குக் காமாலை வந்தா உனக்கென்ன?" என்றார் அப்பா. என் தாய்மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது, ஊரில் ஒரு வைத்தியரிடம் கீழாநெல்லி சாப்பிட்டு வருகிறார். அவரும் "லான்செட்லயே வந்திருக்கு, கீழாநெல்லியே சரி பண்ணிடும், நீ எதுக்கு மீனைப் போட்டுக் குடையறே" என்று சிரிக்கிறார். இந்த மாதிரி ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து வைரஸ்களில் எது முதலில் தோன்றியது? வைரஸுக்கு உயிர் உண்டா, இல்லையா? உங்கள் கருத்தை அறிய ஆசை.

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

முதலில் சின்னவற்றைத் தள்ளிவிடுகிறேன். வைரஸுக்கு உயிர் உண்டா என்பது பரீட்சையில் ஐந்து மார்க்குக்குக் கேட்கிற கேள்வி. அதில் எனக்குக் கருத்து ஒன்றும் கிடையாது, உங்களுக்கும் தேவையில்லை. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? ஒன்றும் சொல்லாதீர்கள். ஃபீஸ் கட்டுகிறவர் ஒரு கேள்வி கேட்கத்தான் செய்வார். தலையை ஆட்டிவிட்டு விண்ணப்பத்தைப் போடுங்கள்.

ஆனால் மாமா லான்செட் என்ற மருத்துவ இதழை இழுத்த இடத்தில் நின்றுவிட்டேன். அதில் கீழாநெல்லி பற்றி வந்த கட்டுரை கொஞ்ச நாளாகவே என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒருவர் கீழாநெல்லிப் படத்தைப் போட்டு 'வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான், நாம்தான் மறந்துவிட்டோம்' என்று எழுத, கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் போடாமல் விட்டுவிட்டேன். அதில் பெரும்பகுதி இப்போது உங்கள் தலையில் விழப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு திட்டு. ஐந்தில் எது முதலில் தோன்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறவர் கேட்கிற கேள்வியா இது? பேராசிரியர் பேசும்போது முதல் அரைமணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? ஏ, பி, சி என்பது வயது வரிசையே இல்லை. மருத்துவர்கள் அடையாளம் கண்டுகொண்ட வரிசை, அதுவும் கோணலான வரிசை. டி 1977-லேயே இத்தாலியின் டூரின் நகரில் மரியோ ரிசெட்டோவிடம் சிக்கிவிட்டது. சி யாரென்று தெரிந்தது 1989-ல்தான். அதுவரை அதற்கு 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்றே பெயர். ஏ போலியோ வைரஸுக்குப் பங்காளி. சி டெங்குவுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கும் சொந்தம். இ தனிக்குடும்பம். பி மட்டும் டிஎன்ஏ வைரஸ், மற்ற நாலும் ஆர்என்ஏ. டி-யை எங்கே சேர்ப்பதென்று வெகுகாலம் யாருக்கும் புரியவில்லை. வட்டமாக இருக்கும் சுமார் 1,700 எழுத்து ஆர்என்ஏ, அவ்வளவுதான் அதன் சொத்து. ஒரே லாட்ஜில் ரூம் எடுத்திருக்கிறார்கள் என்பதற்காக ஐந்து பேரை அண்ணன் தம்பி என்று சொல்லலாமா? ஐந்தும் கல்லீரலுக்கு வந்து சேர்ந்தவை. வந்த வழி வேறு, வம்சம் வேறு.

இ-யைக் கண்ட கதையை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 1955-56-ல் டெல்லியில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்து 29,000 பேருக்கு மேல் காமாலை வந்தது. ஏ என்றே எல்லாரும் நினைத்தார்கள். சேமித்து வைத்திருந்த ரத்தத்தை 1980 வாக்கில் பரிசோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. சரி, பின்னே எது? ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் சிப்பாய்களுக்கு அதே மாதிரிக் காமாலை வந்தபோது, மிகயில் பலயான் என்ற மாஸ்கோ வைரஸ் ஆய்வாளர் நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்ததைத் தானே குடித்தார். அவருக்கு ஏ ஏற்கெனவே வந்துபோயிருந்தது, அதனால் வருவது ஏ-யாக இருக்க முடியாது என்ற கணக்கு. ஐந்து வாரம் கழித்துக் கண் மஞ்சளானது. தன் மலத்திலேயே வைரஸைத் தேடி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1983-ல் கட்டுரை எழுதினார். "உனக்கென்ன பயன்" என்று அவர் வீட்டில் யாராவது கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

இனி உங்கள் மீனுக்கு வருகிறேன். உங்களுக்குத் தூக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் எதற்காகத் தூக்கம் போனது? 40 கோடி என்ற எண்ணுக்காகவா? அப்படியானால் அது வெறும் மலைப்பு. சைட்ஸ் குழு 2017-ல் எழுதிய அந்தக் கட்டுரையில் மலைக்கவேண்டிய இடம் வேறு.

ஹெபடைடிஸ் பி-யின் மரபுத்தொகுதி வெறும் 3,200 எழுத்து. இந்தக் கடிதத்தைவிடச் சின்னது. இடம் போதாததால் ஒரே எழுத்து வரிசையை இரண்டு விதமாகப் படித்துக்கொள்கிறது. மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் தொடங்கிப் படித்தால் வைரஸைப் பிரதியெடுக்கும் நொதி வரும். அதே வரிசையில் ஓர் எழுத்து தள்ளிப் படித்தால் முற்றிலும் வேறான இன்னொரு புரதம் வரும். அதுதான் வைரஸின் மேலுறை. உறைக்கான மரபணு முழுக்க முழுக்க நொதியின் மரபணுவுக்குள்ளேயே கிடக்கிறது, வெளியே ஓர் எழுத்துகூட நீட்டாமல்.

சைட்ஸ், கிறிஸ் லாபர் முதலியவர்கள், மற்றவர்கள் வேறு வேலைக்காகச் சேகரித்துப் பொதுவில் போட்டிருந்த மரபுத் தரவுகளைக் கணினியில் சலித்தபோது மீன் வைரஸ்கள் அகப்பட்டன. பிரதியெடுக்கும் முறை அதேதான், உள்கூடும் அதே சாயல். உறை மட்டும் இல்லை. அம்மணமாகத் திரிகிற வைரஸ் என்பதால் பெயரையே அப்படி வைத்துவிட்டார்கள், நேக்கட்னாவைரஸ் என்று. அதாவது ஆதியில் உறை கிடையாது. பிறகு ஒரு கட்டத்தில், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த ஒரு மரபணுவின் எழுத்துகளுக்குள்ளேயே, அந்த வேலை கெடாமல், இல்லாத ஒரு மரபணு புதிதாக முளைத்திருக்கிறது. வேறெங்கிருந்தோ திருடிக்கொண்டு வரவில்லை. இருப்பதைப் பெருக்கி மாற்றிக்கொள்ளவும் இல்லை. உறை வந்தபின் வாழ்க்கையே மாறிவிட்டது. செல்லை உடைக்காமல் வெளியேறலாம், ஓர் உடலில் ஆண்டுக்கணக்கில் சத்தம் போடாமல் தங்கலாம்.

நான் சொல்லப்போகிற எல்லாம் அந்த ஒரு புரதத்தைப் பற்றித்தான். உங்கள் மாமாவின் ரிப்போர்ட்டில் 'ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்' என்று இருக்குமே, அது இந்த உறைதான்.

அதை மனிதர்கள் முதலில் பார்த்தது வைரஸைத் தேடிப் போய் அல்ல. பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர் ஊர் ஊராக ரத்தம் சேர்த்து, மக்களினங்களுக்கிடையே ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் அகார் கூழ், அதில் குழிகள். நடுக்குழியில் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளியின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), சுற்றியுள்ள குழிகளில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த சீரங்கள். எது எதோடு வினைபுரிகிறதோ அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக்கோடு விழும். 1963-ல் அப்படி ஒரு கோடு விழுந்தது, நியூயார்க்கின் ரத்தம் உறையாமை நோயாளி ஒருவருக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருக்கும் நடுவே. என்னவென்று புரியாததால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். பரம்பரைக் குணம் என்றுதான் நினைத்தார்கள். 1967 ஏப்ரலில், பிலடெல்பியாவில் அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த பார்பரா வெர்னர் என்ற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. சந்தேகப்பட்டு, ஒரு சாயங்காலம் தன் சீரத்தையே எடுத்துக் குழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் மங்கலாக ஒரு கோடு. பிறகு காமாலை வந்து, பிழைத்துக்கொண்டார். பரம்பரைக் குணம் ஒரு வாரத்தில் வராது, தொற்றுதான் வரும்.

பிளம்பெர்க்குக்கு 1976-ல் நோபல் கிடைத்தது. வெர்னர் பார்த்த அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் ஒருமாதிரி இருக்கும். தன் ரத்தத்தைத் தானே சோதித்துவிட்டு இரவு எப்படித் தூங்கினாரோ.

தடுப்பூசியும் அதே புரதம்தான். நோயாளியின் ரத்தத்தில் முழு வைரஸைவிட, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் உறைகள் பல மடங்கு மிதக்கின்றன, நம் எதிர்ப்புச் சக்தியைத் திசைதிருப்ப. அந்த வெற்றுறையைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டார்கள், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. 1986 முதல் ரத்தமே வேண்டாம், ஈஸ்ட்டில் வளர்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. டி வைரஸ் இருக்கிறதே, அதற்குச் சொந்தமாக உறை கிடையாது, பி-யின் உறையைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அதனால் பி இல்லாதவருக்கு டி வராது.

இப்போது லான்செட். 1988 அக்டோபர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் எழுதியது, அதில் பிளம்பெர்க்கும் ஒருவர். ஆமாம், அதே பிளம்பெர்க். பி வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த உறைப்புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். நூற்றுக்கு 59-க்கு எதிராக 4. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இன்றைக்கு இருக்கிற நல்ல மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் உறைப்புரதம் மறைவது அபூர்வம். வைரஸ் தன் டிஎன்ஏவை வட்டமாக மூடி கல்லீரல் செல்லின் கருவுக்குள் வைத்துவிடுகிறது. மாத்திரை பிரதியெடுப்பதைத் தடுக்கும், அந்த மூலப்பிரதியை அழிக்காது. அப்படிப்பட்டதை ஒரு வயல்வரப்புச் செடி ஒரே மாதத்தில் செய்துவிட்டது என்றால் உலகம் சும்மா இருக்குமா?

சும்மா இருக்கவில்லை. உங்கள் மாமாவும் எங்கள் தெருக்காரரும் சொல்லாமல் விடுகிற பாதி இங்கே தொடங்குகிறது. பல நாடுகளில் அதைச் செய்து பார்த்தார்கள். 1990-ல் அதே லான்செட்டில் தாய்லாந்து ஆய்வு வந்தது, உறைப்புரதம் மறையவில்லை என்று. 1994-ல் நியூசிலாந்திலிருந்து வந்தது, அங்கேயும் பலிக்கவில்லை. செடியின் இனம் வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றையும் பார்த்தார்கள். பிறகு எல்லா ஆய்வுகளையும் கூட்டி அலசினார்கள், நம்பத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை.

எழுதியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'முதற்கட்ட ஆய்வு' என்று முதல் வரியிலேயே சொல்லித்தான் தொடங்கினார்கள். கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதி, மற்றவர்கள் சரிபார்க்கட்டும் என்று சபையில் வைத்தார்கள். மேற்கு அதை மூடி மறைக்கவும் இல்லை, நோபல் வாங்கியவரே கூடச் சேர்ந்து எழுதி உலகத்தின் பெரிய மருத்துவ இதழில் போட்டார். வேறு என்ன மரியாதை வேண்டும்? ஆனால் நாம் 1988-லேயே படிப்பதை நிறுத்திக்கொண்டோம். 'லான்செட்டில் வந்தது' என்பது நமக்குச் சான்றிதழ், பிரேம் போட்டு மாட்டிவிடலாம். 'லான்செட்டில் வந்ததை லான்செட்டே மறுத்தது' என்பது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. இதில் படித்தவர், படிக்காதவர் பேதமே கிடையாது. பட்டமளிப்பு விழாக்களில், மேடையில், மைக் பிடித்து, இந்தப் பாதிக் கதையை நான் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்கிறவன் தமிழ் மருத்துவத்துக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். ஒரு செடியைச் சோதனைக்கு உட்படுத்துவதுதான் அதற்குச் செய்கிற மரியாதை. சோதித்து, முடிவு பிடிக்காதபோது காதைப் பொத்திக்கொள்வது அந்தச் செடியையும் அவமதிப்பது, சோதித்தவர்களையும் அவமதிப்பது.

அப்படியானால் கீழாநெல்லி சாப்பிட்டுப் பிழைத்தவர்களெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். நானே பிழைத்தவன்தான்.

ஏழாவது படிக்கும்போது எனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் வைத்து மை போல அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி மோரில் கரைத்து விடிகாலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார் பாட்டி. பச்சை வாடை, கசப்பு அடித்தொண்டையில் அப்படியே நிற்கும். பத்தியம் வேறு. உப்பில்லாத மோர்ச்சோறு, எண்ணெய் தாளிக்கிற வாசம்கூட வரக்கூடாது. பக்கத்து ஊர் வைத்தியர் வந்து கையில் ஏதோ பட்டையின் சாற்றைத் தேய்த்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் மஞ்சள் மஞ்சளாக ஓடியது. "பார்த்தீங்களா, எறங்குது" என்றார். என் தம்பி வேடிக்கையாகத் தன் கையையும் நீட்டினான். அவனுக்கும் மஞ்சளாகத்தான் ஓடியது. வைத்தியர் கொஞ்சமும் அசரவில்லை. "இவனுக்கும் உள்ள இருக்கு, வரப்போகுது" என்றார். பாவம், ஒன்றுமில்லாத அவனும் என்னோடு உப்பில்லாச் சோறு தின்றான்.

எனக்குச் சரியாகிவிட்டது. ஏனென்றால் வந்தது ஏ. பள்ளிக்கூடத்துத் தண்ணீரில் வந்திருக்கும். ஏ அநேகமாகத் தானாகவே போய்விடும், கீழாநெல்லி கொடுத்தாலும், வேப்பிலை அடித்தாலும், சும்மா படுத்துக் கிடந்தாலும். இ-யும் பெரும்பாலும் அப்படித்தான், கர்ப்பிணிகளுக்குத்தான் முக்கியமாக உயிருக்கே ஆபத்து. அந்த வைத்தியரிடம் போன குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிழைத்திருக்கும். 'காமாலைக்குக் கைராசிக்காரர்' என்று பத்து ஊருக்குப் பேர். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அவருக்கே அந்த நம்பிக்கை இருந்தது. கண் மஞ்சளாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் ஐந்தும் ஒன்றுதான். ஐந்தும் வேறு வம்சம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டியது இதற்காகத்தான்.

சில ஆண்டுகள் கழித்து என் சித்தப்பாவுக்குக் கண் மஞ்சளானது. அதே வைத்தியர், அதே உருண்டை, அதே மோர். தெளிந்தது. கடைக்குப் போனார், மளிகைக்கடை வைத்திருந்தார். மறுபடி வந்தது. மறுபடி தெளிந்தது. மூன்றாம் முறை வயிறு வீங்கிக் கால் வீங்கிப் படுத்துவிட்டார். குடித்துக் குடித்துக் கல்லீரல் போய்விட்டது என்று ஊர் பேசியது. வெற்றிலைகூடப் போடாத மனுஷன். கடையில் சுருட்டு விற்கிறதற்கே கூச்சப்படுவார். சித்தி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே எட்டு மாதம் அவருக்கு வேட்டி மாற்றிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரிப்போர்ட்டில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென் – பாசிட்டிவ்' என்று இருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். "திருச்சி தாண்டாத ஆளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான் அப்போது கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நல்ல மருந்து கிடையாது, அதனால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லமாட்டேன். எனக்குள்ள ஆத்திரம் வேறு. அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள், வீட்டிலிருக்கிற மற்றவர்களையும் சோதியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியம் முடிந்தது, கடையை மூத்தவன் எடுத்துக்கொண்டான். பல வருஷம் கழித்து வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது அவனை 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பினார்கள். அதே புரதம். இப்போது தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் பாஸ்போர்ட்டும் கையுமாக வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் முகம் எனக்கு மறக்காது.

இப்போது உங்களிடம் வருகிறேன், மலர்விழி. கோபமாகவே வருகிறேன். 40 கோடி ஆண்டுக்கு முந்தைய மீனுக்குத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள், நல்லது. தாய்மாமாவுக்கு உங்கள் கடிதத்தில் எவ்வளவு இடம்? ஒரு வாக்கியம். அதுவும் உங்கள் படிப்பைக் கிண்டல் பண்ணினார் என்று சொல்வதற்காக.

மாமாவுக்கு அது எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? ரத்தம் ஏற்றியதில் வந்திருக்கலாம், சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியில் வந்திருக்கலாம், இன்னும் சில வழிகளும் உண்டு. ஆனால் பெரியவர்களுக்கு இது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானே போய்விடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு தங்கிவிடும். ஆயுளுக்கும் தங்கியிருக்கிறது என்றால் பிரசவத்திலோ சின்ன வயதிலோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது உங்கள் பாட்டியிடமிருந்தே வந்திருக்கலாம். அந்தப் பாட்டி பெற்ற இன்னொரு பிள்ளை யார்? உங்கள் அம்மா. அம்மாவுக்குப் பிறந்தவர் நீங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்தது 2011-ல். நீங்கள் பிறந்தபோது போட்டார்களா, இல்லையா? கேட்டுப் பார்த்தீர்களா?

பழைய எலும்புகளிலும் பற்களிலும் இந்த வைரஸைத் தேடியிருக்கிறார்கள், அதையும் உங்கள் பேராசிரியர் சொல்லியிருப்பார். 2021-ல் வந்த ஆய்வில் 137 பேரின் எச்சங்களிலிருந்து வைரஸின் மரபுத்தொகுதியை மீட்டார்கள், மிகப் பழையது சுமார் 10,500 ஆண்டுக்கு முந்தையது. மனிதர்கள் இடம்பெயர்ந்த வழியெல்லாம் கூடவே போயிருக்கிறது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பரவியிருந்த ஒரு கிளை மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏறக்குறைய அற்றுப்போய், வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. பரீட்சைக்கு இதையெல்லாம் ஒப்பிப்பீர்கள். மனிதர் கூடவே போகிற வைரஸ் என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டு முற்றத்தில் பார்க்கத் தெரியவேண்டாமா?

"அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். இந்த வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. நம்முடைய எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்கும்போதுதான் செல் சாகிறது. அந்தச் சண்டை முப்பது வருஷம் நடக்காமலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கில் இந்தியாவில் சுமார் 3 கோடி பேருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது, பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. நன்றாகத்தான் இருப்பார்கள்.

மாமா கீழாநெல்லி குடித்தால் குடிக்கட்டும், நான் அதற்குச் சண்டைக்கு வரவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும், டாக்டரிடம் போவதற்குப் பதிலாகக் குடிக்கவேண்டாம். வைரஸின் டிஎன்ஏ அளவு பார்க்கவேண்டும், கல்லீரல் நொதிகள் பார்க்கவேண்டும், ஸ்கேன் எடுக்கவேண்டும். எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, அதை அவர்கள் சொல்வார்கள். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் மாதிரி மருந்து இருக்கிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். லான்செட் என்று சொன்னால் 1990 லான்செட்டைப் படித்துக் காட்டுங்கள். உங்களால் முடியும், அதற்குத்தான் எம்.எஸ்ஸி.

அப்புறம், அம்மாவும் நீங்களும். உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களும், மாமாவின் மனைவியும் பிள்ளைகளும். ஆளுக்குச் சில துளி ரத்தம், உறைப்புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இருந்தால் இதோடு உலகம் முடிந்துவிடாது, கல்யாணமும் நின்றுவிடாது, வேளாவேளைக்குப் பார்த்துக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் மூன்று ஊசி. அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நாளைக் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம், இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எதுவாக இருந்தாலும்.

அன்புடன்